குழந்தைகள் உள்ள வீட்டுக்கு முதல் பாம்பு: பிரிட்டனில் வாழும் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

பாம்பு வளர்க்க ஆசைப்பட்டு வரும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரு படத்தோடுதான் வருகின்றன. பிள்ளை யூடியூபில் பார்த்த பாம்பு, பளிச்சென்ற ஆரஞ்சிலோ மஞ்சளும் வெள்ளையுமாகவோ இருக்கும். "இது எங்கே கிடைக்கும்?" என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி அது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எலியை எங்கே வைப்பது, எந்த இனம், எந்தக் கூடு என்பதெல்லாம் முடிவான பிறகே பாம்பு.

இந்த வரிசை மாறும்போதுதான் சிக்கல் வருகிறது. சனிக்கிழமை பாம்பு வந்துவிடும், கூட்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் புதன்கிழமைதான் தபாலில் வரும். இடையில் பாம்பு குளிரில் சுருண்டு கிடக்கும், கொடுத்ததைத் தொடாது. பிள்ளை அழும், பெரியவர்கள் ஒருவரையொருவர் குறை சொல்வார்கள்.

இங்கே சொல்வது பிரிட்டனுக்குப் பொருந்தும். இந்தியாவில் நாகம், சாரை, மலைப்பாம்பு போன்ற உள்நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிங்கப்பூரிலும் பாம்பைச் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதி இல்லை. உங்கள் பிள்ளை அனுப்பும் படத்தைப் பார்த்து அங்குள்ள மச்சான் பிள்ளைகளுக்கும் ஆசை வந்தால் இதைச் சொல்லிவையுங்கள்.

1. முதலில் வீட்டில் இருப்பவர்களைப் பாருங்கள்

ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தையோ, கர்ப்பிணியோ, தளர்ந்த முதியவரோ, நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவரோ வீட்டில் இருந்தால் இப்போதைக்குப் பாம்பு வேண்டாம். நலமாக இருக்கும் பாம்பின் குடலிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கும். அது பாம்பின் தோலிலும் தண்ணீர்க் கிண்ணத்திலும் கூட்டைத் தொட்ட கைகளிலும் ஒட்டிக்கொள்ளும். வளர்ந்த ஒருவருக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கோடு போவது, கைக்குழந்தையை மருத்துவமனையில் கொண்டு போய்ச் சேர்த்துவிடும். கடைக்குட்டிக்கு மூன்று வயது என்றால் இன்னும் இரண்டு வருடம் காத்திருங்கள். மூத்தவனுக்கு ஏமாற்றமாக இருந்தாலும் அந்தக் காலத்தில் அவன் பாம்புகளைப் பற்றி நிறையப் படித்துவிடுவான்.

அடுத்தது பயம். அம்மம்மாவுக்கோ அப்பாவுக்கோ பாம்பென்றால் உண்மையிலேயே உடல் நடுங்கும் என்றால், "பழகினால் சரியாகிவிடும்" என்று வாங்கி வைக்காதீர்கள். பயந்தபடி ஒருவர் நடமாடும் வீட்டில் பாம்பின் அறைக் கதவு எப்போதும் பூட்டியே கிடக்கும். பிள்ளைக்கும் பாம்போடு பழக வாய்ப்பு குறைந்துபோகும். பாம்பு வளர்க்கும் ஒருவர் வீட்டுக்கு எல்லாரும் ஒருமுறை போய், கூட்டுக்கு எதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அதற்குப் பிறகும் ஒருவர் வேண்டாம் என்றால் அந்த வார்த்தையை மதியுங்கள்.

மூன்றாவது, பாம்பு யாருடையது? 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி 16 வயதுக்குக் குறைந்தவருக்கு விலங்கை விற்கக் கூடாது. பிள்ளையின் விலங்குக்குப் பொறுப்பு பெற்றோருடையது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. இந்த வழிகாட்டியில் பரிந்துரைக்கும் பாம்பு 15 முதல் 20 வருடம் வாழும். இன்று எட்டு வயதில் இருக்கும் பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகும் அது உங்கள் வீட்டில்தான் இருக்கும். பிள்ளைக்கு ஆர்வமே போய்விட்டாலும் பார்த்துக்கொள்ள அம்மாவோ அப்பாவோ தயாராக இருந்தால் மட்டுமே மேலே படியுங்கள்.

வாடகை வீடாக இருந்தால் வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். "பூனை நாய் வேண்டாம் என்றுதானே ஒப்பந்தத்தில் இருக்கிறது" என்று நீங்களாகவே பொருள் கொள்ளாதீர்கள்.

2. எலி பற்றிய பேச்சை இப்போதே முடியுங்கள்

நம் வீடுகளில் திட்டம் முறிவது பெரும்பாலும் இங்கேதான். பாம்பு இறைச்சி தின்னும் பிராணி. காய்கறி, சோறு, கடையில் விற்கும் உருண்டைத் தீவனம் எதையும் தின்னாது. உறைந்த எலிகளைப் பையில் வாங்கி ஃப்ரீசரில் வைத்து, ஒவ்வொன்றாக உருக்கிக் கொடுக்க வேண்டும். சைவக் குடும்பம் என்றால் இதை முன்கூட்டியே உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

சமையலறை ஃப்ரீசரில் எலி வைக்க வேண்டாம். மேசைக்கடியில் அடங்கும் சின்ன ஃப்ரீசர் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். உறைய வைத்தாலும் சால்மொனெல்லா சாகாது. பாம்புகளுக்கு விற்கப்படும் உறைந்த எலிகளிலிருந்தே பலருக்கு அந்த நோய் பரவியதை பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறையினர் கண்டறிந்திருக்கிறார்கள். அதனால் மீன் வெட்டும் பலகைக்கும் எலிப் பைக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. எலி உருக்கும் டப்பா, இடுக்கி, துடைக்கும் துணி எல்லாம் தனி.

"முட்டை மட்டும் தின்னும் பாம்பு இருக்கிறதாமே?" என்று கேட்பார்கள். ஆப்பிரிக்காவில் இருக்கிறது. ஆனால் அதன் குட்டிக்குத் தேவைப்படும் முட்டை மிகச் சிறியது, காடை முட்டையைவிடவும் சின்னது. அதைத் தவறாமல் தேடிப் பிடிப்பது அனுபவசாலிகளுக்கே பெரும்பாடு. எலியைத் தவிர்ப்பதற்காக அதை வாங்கியவர்களிடம் பாம்பு பட்டினி கிடப்பதுதான் வழக்கம்.

எலி வேண்டாம் என்பது வீட்டின் முடிவானால் பாம்பும் வேண்டாம்.

3. இனத்தை முடிவு செய்யுங்கள்

பழக்கப்பட்ட குணம், கையாளக்கூடிய அளவு, தவறாமல் தின்னும் வழக்கம் என்ற மூன்றையும் இந்த வரிசையிலேயே பாருங்கள். நிறம் இந்தப் பட்டியலில் இல்லை.

கார்ன் ஸ்நேக்: பெரும்பாலான குடும்பங்களுக்கு என் பதில் இதுதான். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்தது, நஞ்சில்லாதது. முழுதாக வளர்ந்தால் பொதுவாக 120 முதல் 150 செ.மீ. நீளம். அப்போதும் பெரியவரின் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடித்திருக்கும், அவ்வளவே. பத்து வயதுப் பிள்ளையின் கைக்கு அடங்கும். குளிர் கொஞ்சம் கூடினாலும் ஈரப்பதம் கொஞ்சம் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும். கொடுத்த எலியைத் தின்னாமல் விடுவது அபூர்வம். புதியவர்களுக்கு இது மிகப் பெரிய நிம்மதி, ஏனென்றால் பாம்பு சாப்பிடாத வாரத்தில்தான் வீடே கவலையில் மூழ்கும்.

ராயல் பைதான்: அமெரிக்காவில் பந்து என்ற பொருளில் "பால் பைதான்" என்பார்கள். சாதுவான பாம்பு, கையில் எடுத்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். கடைக்காரர்கள் முதலில் காட்டுவதும் இதைத்தான். நான் இதை இரண்டாவது இடத்தில் வைப்பதற்கு இரண்டு காரணங்கள். கூடுதல் வெப்பமும் ஈரப்பதமும் இதற்கு வேண்டும். மாதக்கணக்கில் தின்னாமலும் இருந்துவிடும், நலமாக இருக்கும்போதே அப்படிச் செய்யும். அது சாதாரணமா, நோயா என்று பிரித்தறியப் புதியவருக்குத் தெரியாது. இது 30 வருடமும் வாழக்கூடியது. வாங்கியே தீர்வது என்றால் "ஸ்பைடர்" என்ற நிறவகையைத் தவிருங்கள். அந்த மரபணுவோடு நரம்புக் கோளாறும் சேர்ந்தே வருகிறது, தலை ஆடும், திருகிக்கொள்ளும்.

கலிஃபோர்னியா கிங் ஸ்நேக்: உறுதியான பாம்பு, அளவும் சரி. ஆனால் தீனிவெறி அதிகம். கையில் சாப்பாட்டு வாசனை இருந்தால் விரலைக் கவ்விவிடும். மற்றப் பாம்புகளையும் தின்னும் இனம் என்பதால் எப்போதும் தனியாகவே வைக்க வேண்டும். பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் பரவாயில்லை.

ஹாக்நோஸ் என்ற பாம்பின் முகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் மயங்குவார்கள். அதற்குப் பின்பற்களும் மெல்லிய நஞ்சும் உண்டு. உயிருக்கு ஆபத்தில்லை என்றாலும் கவ்விப் பிடித்தபடி இருந்தால் கை வீங்கும். சின்னப் பிள்ளைகள் வீட்டுக்கு வேண்டாம். போவா, பர்மியப் பைதான் போன்ற பெரியவை பற்றி யோசிக்கவே வேண்டாம். குட்டியாக இருக்கும்போது அழகாகத்தான் இருக்கும், வளர்ந்தபின் ஒரு பெரியவரால் மட்டும் தூக்க முடியாது. தோட்டத்தில் கண்ட பாம்பைப் பிடித்து வளர்க்கவும் கூடாது, பிரிட்டனின் காட்டுப் பாம்புகள் 1981ஆம் ஆண்டின் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை.

இனி வருவதெல்லாம் கார்ன் ஸ்நேக்குக்கான அளவுகள்.

4. கூட்டைப் பாம்புக்கு முன்பே வாங்குங்கள்

பாம்பின் விலையைவிடக் கூட்டின் விலை பல மடங்கு. மொத்தத் தொகையையும் கூட்டிப் பார்த்த பிறகே கடைக்குப் போங்கள். "முழு செட்" என்று பெட்டியில் வருபவற்றில் தெர்மோஸ்டாட் இல்லாமலிருப்பது சாதாரணம்.

அளவு: பாம்பு முழு நீளத்துக்கும் நீட்டிப் படுக்க முடிய வேண்டும். ஐந்து அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரமுள்ள மர விவேரியம் (பாம்பு வளர்க்கும் பெட்டி) போதுமானது. முன்புறம் நகரும் கண்ணாடிக் கதவு இருக்கும். அந்தக் கண்ணாடிக்குப் பூட்டு வாங்க மறக்காதீர்கள். மூக்கால் நெம்பிக் கண்ணாடியை நகர்த்துவது கார்ன் ஸ்நேக்குக்குக் கைவந்த கலை. வீட்டிலிருந்து தப்பிய பாம்புகளில் பெரும்பாலானவை பூட்டாத கண்ணாடி வழியாகப் போனவையே.

வெப்பம்: ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். சூடான இடம் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த முனை 20 முதல் 24. பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்காது, இடம் மாறித்தான் சரிசெய்துகொள்ளும். கூடு முழுவதும் ஒரே சூடாக இருந்தால் தப்ப இடமில்லை, ஒரே குளிராக இருந்தால் தின்ற எலி செரிக்காது.

எந்தச் சூடேற்றியானாலும் தெர்மோஸ்டாட் கட்டாயம். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். பல்ப் என்றால் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் வகை, செராமிக் சூடேற்றி என்றால் மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும் பல்ஸ் வகை, தரையில் விரிக்கும் ஹீட் மேட் என்றால் சாதாரண ஆன்-ஆஃப் வகை. கட்டுப்பாடில்லாத ஹீட் மேட்டில் படுத்து வயிறு வெந்துபோன பாம்புகளை விலங்கு மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். பாம்பு சூட்டை உணர்ந்து உடனே விலகும் என்று நம்ப முடியாது. பல்பைச் சுற்றிக் கம்பிக் கூண்டும் வேண்டும், இல்லையென்றால் அதிலேயே சுற்றிக்கொள்ளும்.

ஒளிந்துகொள்ள இரண்டு இடம்: சூடான முனையில் ஒன்று, குளிர்ந்த முனையில் ஒன்று. ஒன்றே ஒன்று வைத்தால் பாம்பு பாதுகாப்புக்கும் வெப்பத்துக்கும் இடையே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அது பாதுகாப்பையே தேர்ந்தெடுக்கும், பிறகு செரிமானம் கெடும். உடல் இருபுறமும் உரசுமளவுக்கு ஒளிவிடம் குறுகலாக இருக்கட்டும். பிள்ளைகள் விரும்பும் பெரிய மண்டையோட்டு அலங்காரத்துக்குள் பாம்பு நிம்மதியாகப் படுக்காது.

தரைக்கு ஆஸ்பென் மரச்சீவல், குறைந்தது ஐந்து செ.மீ. ஆழம். தேவதாரு, பைன் சீவல்கள் வேண்டாம், அவற்றின் எண்ணெய் வாசனை மூச்சைக் கெடுக்கும். கனமான தண்ணீர்க் கிண்ணம், ஏற ஒரு கிளை, அவ்வளவு போதும்.

கூட்டை எங்கே வைப்பது? சமையலறையிலும் சாமி அறைக்கு அருகிலும் வேண்டாம். சாம்பிராணி, ஊதுபத்தி, தாளிப்புப் புகை எல்லாம் பாம்பின் நுரையீரலுக்கு ஆகாது. பூச்சிமருந்து ஸ்ப்ரேயும், பூனைக்குப் போடும் தெள்ளு மருந்தும் இன்னும் மோசம், உயிரையே எடுத்துவிடும்.

5. ஒரு வாரம் வெறும் கூட்டை ஓட்டுங்கள்

எல்லாவற்றையும் பொருத்திப் பாம்பில்லாமல் ஒரு வாரம் ஓடவிடுங்கள். காலை, பள்ளி விட்டு வந்ததும், படுக்கப் போகும் முன் என மூன்று வேளையும் இரண்டு முனைகளின் வெப்பத்தையும் பிள்ளை ஒரு நோட்டில் எழுதட்டும். கண்ணாடியில் ஒட்டும் வட்ட வெப்பமானி வேண்டாம், அது கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும். ஒயர் நுனியில் உணரி உள்ள டிஜிட்டல் கருவியைப் பாம்பு படுக்கும் மட்டத்தில் வையுங்கள். தெர்மோஸ்டாட்டின் திரையில் தெரியும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

இந்த வாரத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. நான்காவது நாளே நோட்டில் எழுத அலுத்துக்கொள்ளும் பிள்ளை, பாம்பு வந்த இரண்டாவது மாதத்தில் என்ன செய்யும் என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்துவிடும்.

6. இப்போது பாம்பைப் பார்க்கப் போகலாம்

முட்டையிலிருந்து அப்போதுதான் வந்த குட்டி வேண்டாம். பென்சில் அளவுதான் இருக்கும், பதற்றத்தில் துள்ளும், கண்ணாடி இடுக்கு வழியாக நழுவிவிடும். ஒரு வயதுக்கு மேற்பட்டதைக் கேளுங்கள். குணம் படிந்திருக்கும், தீனிப் பழக்கமும் உறுதியாகியிருக்கும். காப்பகங்களில் வீடு தேடும் கார்ன் ஸ்நேக்குகளும் உண்டு. ஆர்எஸ்பிசிஏ போன்ற விலங்கு நல அமைப்புகளிடம் கேட்டுப் பாருங்கள், வளர்ந்த சாதுவான பாம்பு கிடைக்க நல்ல வாய்ப்பு.

கடையோ, வீட்டில் இனப்பெருக்கம் செய்பவரோ, யாரானாலும் பாம்பைக் கையில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நலமான பாம்பு கையில் இறுக்கமாக இருக்கும், விரல்களைச் சுற்றிப் பிடிக்கும், நாக்கை அடிக்கடி நீட்டும். தொய்ந்து கயிறு போலத் தொங்கினால் வேண்டாம். முதுகெலும்பு கூர்மையாகத் தெரிந்தால் வேண்டாம். வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் குமிழ் தெரிந்தாலோ, மூச்சில் சீழ்க்கை கேட்டாலோ நுரையீரல் நோய்.

ஒரு வெள்ளை டிஷ்யூ எடுத்துச் செல்லுங்கள். பாம்பை மெல்ல அதனூடே நகரவிட்டுப் பிறகு காகிதத்தைப் பாருங்கள். மிளகைப் பொடித்தது போன்ற கரும்புள்ளிகள் இருந்து அவை நகர்ந்தால், அது உண்ணி. கண்ணின் ஓரத்தையும் தாடைக்குக் கீழுள்ள மடிப்பையும் உற்றுப் பாருங்கள், அங்கேதான் ஒளிந்திருக்கும். வால் நுனியில் பழைய சட்டை வளையமாக ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இறுகினால் இரத்த ஓட்டம் நின்று நுனி கருகிவிடும்.

கேட்க வேண்டியவை: வளர்ப்பில் பிறந்ததா? கடைசியாக எப்போது, எந்த அளவு எலியைத் தின்றது? உறைந்து உருகிய எலியைத் தின்கிறதா? தீனிப் பதிவு இருக்கிறதா? உயிரெலி மட்டுமே தின்னும் பாம்பை விட்டுவிடுங்கள். உயிரெலி பாம்பையே கடித்துக் குதறிவிடும், பிள்ளைகள் பார்க்க வேண்டிய காட்சியும் அல்ல.

பதில் மழுப்பலாக இருந்தால் கும்பிட்டு வெளியே வந்துவிடுங்கள். பிள்ளையை முதல் முறை கூட்டிப் போகாமலிருப்பது நல்லது, அழுத முகத்தைப் பார்த்து வாங்கும் பாம்பு சரியாக அமையாது.

வீட்டுக்குக் கொண்டுவரத் துணிப்பையில் விட்டு, வாயைக் கட்டி, காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் வையுங்கள்.

7. முதல் வாரம் தொடாதீர்கள்

இது பிள்ளைகளுக்கு மிகக் கடினமான படி. கூட்டில் விட்டு, பூட்டி, ஏழு நாள் விட்டுவிடுங்கள். தண்ணீர் மாற்ற மட்டும் திறக்கலாம். புது இடத்தில் பாம்புக்கு எல்லாமே எதிரி. இந்த நாட்களில் வெளியே எடுத்தால் தின்ன மறுக்கும். ஏழாம் நாள் எலி கொடுங்கள். ஒழுங்காக இரண்டு முறை தின்ற பிறகே கையில் எடுப்பது.

யாராவது அன்போடு பால் வைக்க வந்தால் மெல்லத் தடுத்துவிடுங்கள். பாம்பால் பாலைச் செரிக்க முடியாது, தாகத்தில் தவிக்கும் பாம்புதான் அதையும் குடிக்கும். தண்ணீர் மட்டுமே.

8. தீனி கொடுக்கும் முறை

எலியின் தடிமன் பாம்பின் உடலில் மிகத் தடித்த பகுதியின் அளவு. வளரும் பாம்புக்கு வாரம் ஒன்று, முழுதாக வளர்ந்ததற்கு 10 முதல் 14 நாளுக்கு ஒன்று. அதற்கு மேல் கொடுத்தால் கொழுத்துவிடும்.

மூடிய பையில் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் உருக்குங்கள். நடுப்பகுதியும் குளிர் விட்டிருக்க வேண்டும். மைக்ரோவேவ் கூடவே கூடாது, எலி வெந்து வெடிக்கும். நீண்ட இடுக்கியால் பிடித்துக் கொடுங்கள், விரலால் கொடுத்தால் விரலும் தீனியும் ஒன்றென்று பாம்பு பழகிவிடும். இந்த வேலை பெரியவருடையது.

தின்ற பிறகு 48 மணி நேரம் தொடக் கூடாது. தொட்டால் கக்கிவிடும், கக்கினால் பாம்பின் உணவுக்குழாய் புண்ணாகும். அப்படி நேர்ந்தால் பத்து நாள் இடைவெளி விட்டுச் சிறிய எலி கொடுங்கள். மறுபடியும் கக்கினால் மருத்துவரிடம் போங்கள்.

9. பிள்ளை கையில் எடுப்பது

முதலில் பிள்ளை கை கழுவட்டும். கோழிக் குழம்பு வாசனையோடு நீளும் விரல் பாம்புக்கு இரை. பிறகு தரையில் சம்மணமிட்டு உட்காரட்டும். நின்றபடி பிடித்தால், பாம்பு திடீரென நகரும்போது கை உதறும், பாம்பு கீழே விழும்.

பெரியவர் கூட்டைத் திறந்து, முதலில் பாம்பின் உடலை மெல்லத் தொட்டு "இது தீனி நேரமல்ல" என்று உணர்த்த வேண்டும். பிறகு நடு உடலில் இரு கைகளாலும் தாங்கி எடுத்துப் பிள்ளையின் கைகளில் விடுங்கள். தலையைப் பிடிக்கக் கூடாது, கழுத்தில் போடக் கூடாது, முத்தம் கூடாது. பாம்பு நகர நகர, ஒரு கைக்கு முன் மற்றொரு கையை வைத்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். பிள்ளைக்கு இது ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும், வாரம் இரண்டு மூன்று முறை.

வாலை அதிரவைத்தாலோ, கழுத்தை எஸ் வடிவில் மடக்கினாலோ அன்று வேண்டாம். கடித்தால் முள் கீறியது போலத்தான் இருக்கும். இழுக்காதீர்கள், பற்கள் பின்னோக்கி வளைந்தவை. அதுவே விட்டதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எடுத்து முடித்ததும் மீண்டும் கை கழுவுவது வீட்டுச் சட்டமாக இருக்கட்டும், விருந்தாளிப் பிள்ளைகளுக்கும்.

10. தெரிந்திருக்க வேண்டிய மிச்சம்

கண் நீலம் பூத்து, நிறம் மங்கினால் சட்டை உரிக்கப் போகிறது. பார்வை மங்கியிருப்பதால் எரிச்சலாக இருக்கும். எடுக்காதீர்கள், தின்னவும் மறுக்கலாம். ஈரப் பாசி போட்ட டப்பா ஒன்றைக் கூட்டுக்குள் வையுங்கள். சட்டை ஒரே துண்டாகக் கழன்றால் ஈரப்பதம் சரி. துண்டு துண்டாக வந்தால் குறைவு. கண்ணை மூடியிருக்கும் தகடும் சேர்ந்து வந்திருக்கிறதா என்று உரித்த சட்டையில் பாருங்கள்.

ஊர்வன பார்க்கும் மருத்துவர் எல்லா இடத்திலும் இல்லை. பாம்பு வருவதற்கு முன்பே அருகில் யார் இருக்கிறார் என்று விசாரித்துப் பதிந்துவிடுங்கள்.

கோடை விடுமுறையில் நான்கு வாரம் ஊருக்குப் போகும் குடும்பங்கள் டிக்கெட் போடும்போதே ஆளைப் பிடியுங்கள். வளர்ந்த பாம்பு இரண்டு தீனி தவறினாலும் தாங்கும். ஆனால் இரண்டு நாளுக்கொரு முறை யாராவது தண்ணீர் மாற்றி, வெப்பமானியைப் பார்க்க வேண்டும். அவருக்கு எலி கொடுக்கும் வேலையைக் கொடுக்காதீர்கள். கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், வெப்பமானியின் எண்ணும் அந்தப் படத்தில் தெரியட்டும்.